பேய்களை ஏவல் கொண்ட பெரியவர் விட்டலாச்சார்யா

ஆண்டு விழா மலருக்கென ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டபோது, அவர்கள் உள்ளத்தில் இருந்தவர் ஒரு புலவரோ, நாட்டுத் தொண்டரோ, இசைவாணரோ ஆவார் என்பதை நாம் அறியாமல் இல்லை. ஆண்டுதோறும் அத்தகைய சான்றோரின் வரலாறுகளே இம்மலரை அணிசெய்து வந்துள்ளன. ஆயினும் இம்முறை நாம் ஒரு சினிமாக்காரரை, அதுவும் பேய்ப்படம் எடுத்தவரை, எடுத்துக்கொள்ளத் துணிந்தோம். குழுவில் சிலர் முகம் சுளித்தனர். பேயும் பிசாசும் நமது குழந்தைகள் படிக்கும் மலரில் எதற்கு என்றனர். அவர்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு. எனினும், சிறு வயதில் ஊரைவிட்டுப் புறப்பட்டு, அயல்மொழி பேசும் மக்களிடையே தொழில் நடத்தி, கையில் இருந்த சிறு முதலைக்கொண்டு ஒரு பெரும் தொழிலில் ஐம்பது ஆண்டுக்காலம் நிலைத்து நின்ற ஒரு மனிதரின் கதை, பிழைப்புத் தேடி ஹைதராபாத்துக்கு வந்து காலனிகளில் குடியமர்ந்த நமக்கு அயலான கதை அன்று. அவ்வகையில் காலஞ்சென்ற பி. விட்டலாச்சார்யா அவர்களின் வாழ்வை ஈண்டு எழுதப் புகுகிறோம்.

அவருடைய பெயரை அறியாத இளைஞர்கள் இன்று பலர் இருக்கலாம். ஆனால் அடுப்பில் விறகு இல்லாதபோது தன் கால்களையே அடுப்புக்குள் நீட்டி எரியவிட்டுச் சமையல் செய்யும் பெண் பேயை அறியாத தமிழ்க் குடும்பம் உண்டோ? அந்தப் பேய் குடியிருந்த படம் 1978ஆம் ஆண்டில் தெலுங்கில் வெளிவந்த 'ஜகன்மோகினி'. தமிழிலும் இந்தியிலும் குரல் மாற்றப்பட்டு அது நாடெங்கும் ஓடியது. அதை ஆக்கியவரே நமது விட்டலாச்சார்யா. தெலுங்கு மக்கள் அவரை ஜானபத பிரம்மா என்று அழைத்தனர். நாட்டுப்புறக் கதைகளைப் படைக்கும் பிரமன் என்பது அதன் பொருள். நமது தமிழ்நாட்டில் அவர் மாயாஜால மன்னர் எனப்பட்டார்.

அவர் தெலுங்கரும் அல்லர், தமிழரும் அல்லர். 1920ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கன்னட நாட்டின் கடற்கரையில் உடுப்பிக்கு அருகிலுள்ள உத்யாவரம் என்னும் ஊரில் பிறந்தவர். தந்தையார் ஆயுர்வேத வைத்தியர். பெரிய குடும்பம். பள்ளிப் படிப்பில் அவருக்கு நாட்டம் செல்லவில்லை. மாறாக, அறுவடை முடிந்த வயல்களில் இரவு முழுவதும் நடைபெறும் பயலாட்டம் என்னும் கூத்தில் உள்ளம் பறிகொடுத்தார்.

அந்தக் கூத்தைப் பற்றி இங்கே சற்று விரித்துச் சொல்லியாக வேண்டும். நமது தெருக்கூத்துக்கு உடன்பிறந்தது என்று சொல்லத் தக்கது அது. செண்டையும் மத்தளமும் முழங்க, பெரிய கிரீடமும் முகமெல்லாம் வண்ணமும் தரித்த அரக்கன், திரைச்சீலையின் பின்னால் நின்று உறுமுவான். தீவட்டியில் குங்கிலியப் பொடியை வீசும்போது தீ குபீரென்று எழும். அந்தத் தீயின் ஒளியில் திரை விலகும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிறுவர்கள் தாயின் மடியில் முகம் புதைப்பர். அதுமட்டுமன்று. அந்தத் துளு நாட்டில் பூதங்களை வழிபடுவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஆவேசம் வந்தவர் வாயிலாகப் பூதம் வழக்குத் தீர்க்கும். குடும்பச் சண்டையைச் சமாதானம் செய்யும். பேய் என்பது அஞ்சி ஓட வேண்டிய ஒன்றாக மட்டும் அங்கே இல்லை. ஊரில் ஒருவராகவே அது வாழ்கிறது. பின்னாளில் விட்டலாச்சார்யாவின் படங்களில் பேய்கள் தண்ணீர் எடுப்பதையும், சமையல் செய்வதையும், குழந்தையைத் தாலாட்டுவதையும் கண்டு நகைத்தவர்கள் உண்டு. அவர் பிறந்த மண்ணை நினைத்துப் பார்த்தால் அதில் வியப்புக்கு இடமில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

இளம் வயதிலேயே அவர் வீட்டைவிட்டு வெளியேறி, மலைகளைக் கடந்து மைசூர்ச் சீமையைச் சேர்ந்த அரசிக்கெரைக்குச் சென்றார். ரயில் சந்திப்பு நிலையம் அமைந்த ஊர் அது. கிடைத்த வேலைகளைச் செய்தார். பின்னர் ஓர் உடுப்பிச் சிற்றுண்டிச்சாலையைத் தாமே ஏற்று நடத்தினார். இன்று நமது செகந்தராபாத்திலும் உடுப்பி ஓட்டல்கள் இருப்பதால் அந்தத் தொழிலின் நுட்பம் அன்பர்களுக்குத் தெரிந்ததே. மறுநாள் காலை எத்தனை பேர் வருவர் என்று மதித்து, அதற்கேற்ப முந்திய இரவே மாவை அரைத்து வைக்க வேண்டும். கூடுதலாக அரைத்தால் புளித்துப் போகும். குறைவாக அரைத்தால் வந்தவர் பட்டினியாகத் திரும்பி, மறுநாள் எதிர்க்கடைக்குப் போய்விடுவர். இந்தக் கணக்குதான் பிற்காலத்தில் அவருக்குப் படத்தொழிலிலும் கைகொடுத்தது. கற்பனை மிக்க இயக்குநர்கள் பலர் இருந்தனர். மாவு அரைக்கும் கணக்கு அறிந்தவர் மிகச் சிலரே.

நாட்டு விடுதலைக் கிளர்ச்சியிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1942ஆம் ஆண்டின் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் நண்பர்களுடன் ஈடுபட்டுச் சிறை சென்றார். விடுதலையாகி வந்தபின் ஓட்டலைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, டி. சங்கர்சிங் முதலிய நண்பர்களோடு சேர்ந்து ஹாசன் வட்டாரத்தில் டூரிங் டாக்கீஸ் தொழிலில் இறங்கினார். அவருடைய வாழ்வில் திருப்பம் எனச் சொல்லத் தக்கது இதுவே.

டூரிங் டாக்கீஸை நேரில் கண்டவர்கள் இன்று நம்மிடையே மூத்தவர்கள் மட்டுமே. ஊருக்கு வெளியே பெரிய கூடாரம் அடித்திருப்பர். தரையில் மணல், அதுவே முதல் வகுப்பினருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தரை வகுப்பு. அதன் பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் நாற்காலி. பெண்களுக்குத் தனியே தடுப்பு. மாலையானதும் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவர். அது கேட்டவுடன் சுற்று வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து மாட்டுவண்டிகள் புறப்படும். மின்சாரம் இல்லாத ஊர்களில் எண்ணெய் எஞ்சின் துணை செய்யும். ஒரே ஒரு புரொஜெக்டர் இருப்பதால், ஒவ்வொரு சுருளும் முடிந்தபின் விளக்கைப் போட்டு, அடுத்த சுருளை மாட்டுவர். அந்த இடைவேளைகளில் முறுக்கும் கடலையும் விற்கும். படம் பிடிக்கவில்லை என்றால் மணலை அள்ளித் திரைமேல் எறிவதும் உண்டு.

இத்தகைய கூடாரங்கள் ஒன்றாய்த் தொடங்கிப் பின் நான்காகப் பெருகின. அங்கே திரையிட்ட படங்கள் அனைத்தையும் விட்டலாச்சார்யா திரும்பத் திரும்பப் பார்த்தார். படத்தைப் பார்த்ததோடு நில்லாமல், படம் பார்ப்போரையும் பார்த்தார். எந்த இடத்தில் தரை வகுப்பு விசிலடிக்கிறது, எந்த இடத்தில் பீடி பற்றவைக்க வெளியே எழுந்து போகிறது, எந்த இடத்தில் தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாயின. படக்கல்லூரி என்று ஒன்று நம் நாட்டில் தோன்றாத காலம் அது. மணல் தரையே அவருக்குக் கல்லூரி ஆயிற்று. அங்கு கற்ற பாடத்தை அவர் இறுதிவரை மறக்கவில்லை. அரண்மனையில் அமைச்சர்கள் நீண்ட நேரம் பேசிக்கொண்டிருந்தால் தரை வகுப்பு பொறுக்காது. உடனே ஒரு வாட்போர் வேண்டும். வாட்போர் சலித்தால் ஒரு மந்திரவாதி. மந்திரவாதி சலித்தால் ஒரு நடனம். பின்னர் ஒரு பேய். அவருடைய படங்களின் இலக்கணம் இவ்வளவே.

நாற்பதுகளின் நடுவில் அவர் மைசூருக்குக் குடிபெயர்ந்து, சங்கர்சிங்குடன் மகாத்மா பிக்சர்ஸ் என்னும் நிறுவனத்தை அமைத்தார். கன்னடப் படத்துறை அந்நாளில் தவழும் குழந்தை. ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய படங்களே வெளிவந்தன. அந்நிலையில் மகாத்மா நிறுவனத்தார் தொடர்ந்து படங்களை எடுத்தது சிறு சாதனை அன்று. 1949இல் 'நாககன்னிகா', 1951இல் 'ஜகன்மோகினி' ஆகியவை அவர்கள் வெளியிட்ட மாயாஜாலப் படங்கள். ஆம், ஜகன்மோகினி என்ற பெயர் அப்போதே அவருக்குச் செல்வம் தந்த பெயர். இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் தெலுங்கில் வேறொரு பேய்க்கதைக்கு அதே பெயரை அவர் சூட்டினார். பழைய பாத்திரத்தைத் துலக்கிப் பயன்படுத்தும் ஓட்டல்காரரின் இயல்பு இங்கும் தெரிகிறது.

1953ஆம் ஆண்டையொட்டிக் கூட்டாளிகள் பிரிந்தனர். மகாத்மா சங்கர்சிங்கிடம் நின்றது. விட்டலாச்சார்யா தம் பெயரிலேயே விட்டல் புரொடக்‌ஷன்ஸ் தொடங்கி, தென்னாட்டுப் படத்தொழிலின் தலைநகராய் விளங்கிய சென்னைக்கு வந்து சேர்ந்தார். 1955இல் 'கன்யாதானம்' என்ற தெலுங்குப் படத்தை ஆக்கினார். அதன்பின் வந்தவையும் பெரும்பாலும் குடும்பக் கதைகளே. 1959இல் தமிழிலும் 'பெண் குலத்தின் பொன் விளக்கு' என்ற படத்தை இயக்கினார். பேய்ப்பட மன்னர் முதலில் குலவிளக்குகளைப் பற்றியே படம் எடுத்தார் என்பதைப் பலர் அறியார்.

அவ்வாண்டே 'ஜயவிஜய' என்ற தெலுங்கு ராஜாராணிக் கதை வெளிவந்தது. மறு ஆண்டு 'கனகதுர்கா பூஜா மகிமா'. அவற்றின் நாயகர் காந்தாராவ். இவர் நமது ஹைதராபாத்துக்கு நெருங்கியவர். நிஜாம் ஆட்சிக்கு உட்பட்டிருந்த கோதாடு வட்டாரத்துச் சிற்றூரில் 1923இல் பிறந்து, நாடக மோகத்தால் சென்னைக்குச் சென்றவர். வாள்வீச்சில் வல்லவரானமையால் கத்தி காந்தாராவ் என்றே மக்கள் அவரை அழைத்தனர். தெலுங்குத் திரைவானில் என். டி. ராமாராவும் அக்கினேனி நாகேசுவரராவும் இரு சுடர்களாய் விளங்கிய காலத்தில், அவர்களுக்கு அடுத்த படியில் நின்ற இந்த நடிகரைத் துணையாகக் கொண்டு, விட்டலாச்சார்யா படத்துக்குப் படம் முதலை மீட்டார். 'மதனகாமராஜு கதா' (1962), 'குருவுனு மிஞ்சின சிஷ்யுடு' (1963), 'நவக்கிரக பூஜா மகிமா' (1964), 'ஜ்வாலாத்வீப ரகசியம்' (1965) என அந்தப் பட்டியல் நீளும். மதனகாமராஜன் கதை நமது பெரிய எழுத்துப் புத்தகக் கடைகளில் பாட்டிமார் வாங்கிப் படித்த கதையே அன்றோ!

மாயாஜாலக் கதைகள் அவருக்கு முன்பும் இருந்தன. விஜயா நிறுவனத்தாரின் 'பாதாள பைரவி' 1951இலும், 'மாயாபஜார்' 1957இலும் வெளிவந்து தமிழரையும் தெலுங்கரையும் ஒருங்கே மயக்கின. ஆனால் அவை செல்வந்தர் வீட்டுத் திருமணம் போன்றவை. பல மாத உழைப்பு, பெரிய அரங்கங்கள், புகழ்பெற்ற நடிகர் கூட்டம். விட்டலாச்சார்யாவோ அதே விருந்தை நடுத்தரக் குடும்பத்தின் செலவில் பரிமாறினார். அரண்மனை அரங்கு ஒன்றை அமைத்தால், தூண்களை மாற்றி அதுவே பகையரசனின் சபையாகும். சுவரில் கரி பூசினால் மந்திரவாதியின் குகையாகும். படப்பிடிப்பு தொடங்குமுன் கதையும் உரையாடலும் முற்றாக எழுதி முடிக்கப்பட்டிருக்கும். குறித்த நாளில் தொடங்கிக் குறித்த நாளில் முடிப்பார். ஊதியத்தையும் குறித்த நாளில் கொடுத்துவிடுவார் என்பது அத்துறையில் அவருக்கு இருந்த நற்பெயர். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் அவர்களின் கண்டிப்பை அறிந்த தமிழன்பர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர்.

இது தொடர்பாக நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் கதை ஒன்று உண்டு. நடிகர் ஒருவர் படத்தின் நடுவில் கூடுதல் பணம் வேண்டும் என்று பிணங்கிக்கொண்டு வராமல் இருந்தாராம். விட்டலாச்சார்யா சினம் கொள்ளவில்லை. அன்று மாலையே கதையில் ஒரு முனிவரைப் புகுத்தி, அந்தப் பாத்திரத்தைக் கிளியாகச் சபிக்கச் செய்து, எஞ்சிய படத்தைக் கிளியை வைத்தே முடித்துவிட்டாராம். கிளி என்பார் சிலர், ஆடு என்பார் சிலர், நாய் என்பாரும் உளர். எது உண்மையோ, அதன்பின் நடிகர்கள் குறித்த நேரத்துக்கு வந்தனர் என்பதில் மட்டும் எல்லாரும் ஒன்றுபடுகின்றனர்.

இனி அவருடைய மந்திரத்தின் இரகசியத்தையும் சிறிது சொல்வோம். நமது பிள்ளைகள் விஞ்ஞானம் படிப்பவர்கள். ஆள் மறைவது எப்படி? காமிராவை அசையாமல் நிறுத்தி, நடிகரைப் படம் எடுத்து, ஓட்டத்தை நிறுத்திவிட்டு, அவரை அப்புறப்படுத்திவிட்டு மீண்டும் ஓட்டினால், திரையில் அவர் இமைப்பொழுதில் மறைந்துபோவார். பிரான்சு நாட்டின் மெலியே என்பவர் 1896 அளவிலேயே கையாண்ட தந்திரம் இது. ஒருவரே இருவராகத் தோன்றுவது எப்படி? வில்லையின் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து ஒரு முறை எடுப்பர். பின் படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறு பாதியை மறைத்து மறுமுறை எடுப்பர். இரு பாதியும் ஒரே சுருளில் ஒட்டிக்கொள்ளும். காமிரா மயிரிழை அசைந்தாலும் நடுவில் கோடு விழுந்து மாயம் வெளிப்பட்டுவிடும். எலும்புக்கூடு ஆடுவது எப்படி? கறுப்பு உடையில் வெள்ளை வண்ணத்தால் எலும்புகளைத் தீட்டிக்கொண்டு, கறுப்புத் திரையின் முன் ஆடினால் போதும். இவற்றுக்கு வேண்டியது பெருஞ்செல்வம் அன்று, பொறுமை ஒன்றே. அந்நாளில் படச்சுருள் வெளிநாட்டிலிருந்து வரும் பொருள். ஆயிரம் அடிச் சுருள் திரையில் பதினோரு நிமிடமே ஓடும். ஆகவே பிழைபட்டு மறுபடி எடுப்பது அவருக்குப் பொறாத செயல்.

அறுபதுகளில் ராமாராவும் அவருடன் இணைந்தார். 1963இல் வந்த 'பந்திபோட்டு' பெருவெற்றி பெற்றது. மறு ஆண்டின் 'அக்கிப்பிடுகு', இரட்டையரில் ஒருவர் படும் துன்பத்தை மற்றவர் உணரும் கதை; நமது ஜெமினியின் 'அபூர்வ சகோதரர்கள்' எந்தப் பிரெஞ்சுக் கதையிலிருந்து தோன்றியதோ அதிலிருந்தே இதுவும் தோன்றியது. 1965இல் 'மங்கம்மா சபதம்'. அதன் தமிழ் வடிவம் 1943இலேயே வந்தது. 1970இல் 'அலிபாபா 40 தொங்கலு'. இதில் ராமாராவுக்கு இணையாக நடித்தவர் ஜெயலலிதா. ராமாராவ் 1983இல் ஆந்திரப் பிரதேச முதலமைச்சரானார். ஜெயலலிதா 1991இல் தமிழ்நாட்டு முதலமைச்சரானார். இரு மாநிலங்களை ஆளவிருந்தவர்களைத் திருடர் குகையின் முன் நிறுத்திப் படம் எடுத்த பெருமை விட்டலாச்சார்யாவுடையது! 1972இல் நாகேசுவரராவைக் கொண்டு 'பீதல பாட்லு' எடுத்தார். விக்டர் ஹியூகோவின் கதையைத் தழுவிய அது, நமது 'ஏழை படும் பாடு' படத்தின் வழிவந்தது.

எழுபதுகளின் பிற்பாதியில் நிலைமை மாறியது. ராஜாராணிக் கதைகளுக்கு மவுசு குறைந்தது. ராமாராவ் சமூகப் படங்களில் பெரும் வெற்றிகளைக் குவித்தார். அவருடைய ஊதியமும் வளர்ந்தது. காந்தாராவுக்கு வயதாயிற்று. சிறு முதல் போட்டுப் படம் எடுப்பவர் யாரைக் கொண்டு கொட்டகையை நிரப்புவது? இங்கேதான் விட்டலாச்சார்யாவின் மதிநுட்பம் வெளிப்பட்டது. நட்சத்திரம் இல்லையேல் பேயையே நட்சத்திரமாக்குவோம் என்று துணிந்தார். பேய் கூடுதல் ஊதியம் கேளாது, கால்ஷீட்டும் தவறாது.

அவ்வாறு பிறந்ததே 1978ஆம் ஆண்டின் ஜகன்மோகினி. நாயகர் நரசிம்மராஜு, மனைவியாகப் பிரபா, மோகினிப் பேயாக ஜெயமாலினி. தான் விரும்பிய ஆடவனை அடைய வரும் மோகினிக்கும், தெய்வ பக்தியின் துணைகொண்டு கணவனை மீட்கப் போராடும் மனைவிக்கும் இடையே நிகழும் போரே கதை. மேல்நாட்டாரும் பேய்ப்படம் எடுத்தனர். பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய நாவலில் வரும் டிராகுலா பிரபு, கழுத்தைக் கடித்து இரத்தம் குடிப்பவர். அவரை ஜெர்மானியர் 1922இலும், அமெரிக்கர் 1931இலும், இங்கிலாந்தின் ஹாம்மர் நிறுவனத்தார் 1958இலும் திரைக்குக் கொணர்ந்தனர். ஹாம்மர் நிறுவனத்தாரும் சிறு செலவில் ஒரே மாளிகையைத் திரும்பத் திரும்ப மாற்றியமைத்துப் படம் எடுத்தவர்களே. ஆனால் அந்தப் பிரபு கோட்டையில் தனித்து வாழ்பவர், சவப்பெட்டியில் உறங்குபவர். நமது மோகினியோ குடும்பத்துக்குள் வர ஆசைப்படுகிறாள். மாமியாருக்குச் சமைத்துப் போட வேண்டும், வீடு கூட்ட வேண்டும், கணவனுக்குப் பரிமாற வேண்டும் என்று துடிக்கிறாள். டிராகுலாவைச் சிலுவை விரட்டும். மோகினியை விரட்ட ஒரு மனைவியின் பூசையறை வேண்டும். இரத்தக் காட்டேரி என்று பெயர் கேட்டாலே நடுங்கும் மக்கள், இந்தப் பேயைப் பார்த்து அஞ்சியதோடு சிரிக்கவும் செய்தனர். சிலர் இரங்கவும் செய்தனர்.

அடுப்புக்குள் கால் நீட்டும் காட்சிக்கு ஒரு குழியும் பொய்க்கால்களும் போதும் என்று இன்று எந்தச் சிறுவனும் சொல்லிவிடுவான். ஆனால் அதை நினைத்தவர் யார் என்பதே கேள்வி. விறகுக்கு அலைவது அந்நாளைய தாய்மார்களின் அன்றாடத் துயரம். ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்த பெண்கள் அந்தக் கூட்டத்தில் நூற்றுக்கணக்கில் இருந்திருப்பர். மண்ணெண்ணெய் வரிசையில் நின்று திரும்பியவர்களும் இருந்திருப்பர். அவர்கள் முன்னால், விறகுக் கவலையே இல்லாத ஒருத்தியை அவர் உட்காரவைத்தார். டூரிங் டாக்கீஸின் மணல் தரையில் கற்ற பாடம் அங்கே எரிந்தது என்பதே நமது கருத்து.

நமது காலனியில் அந்தப் படத்தைத் தெலுங்கிலேயே பார்த்தவர்கள் பலர். தமிழகத்திலிருந்து புதிதாக வந்து, காய்கறிக்காரியிடம் விலை கேட்கவும் தெலுங்கு தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த தாய்மார்கள் சிலர், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அதற்குச் சென்றனர். மொழி தெரியாவிட்டாலும் கதை தெரிந்தது. பேய்க்கும் பூசைக்கும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த தெலுங்கு அம்மையாரும் இவர்களும் ஒரே இடத்தில் அலறி, ஒரே இடத்தில் சிரித்து, இடைவேளையில் ஒருவர் கையிலிருந்த பொட்டலத்தை மற்றவருக்கு நீட்டினர். அன்று தொடங்கிய பழக்கம் இரு குடும்பங்களுக்கிடையே இன்றுவரை நீடிப்பதை நாம் அறிவோம். முதலில் கற்ற தெலுங்குச் சொற்களில் தெய்யம் என்பதும் ஒன்று என்று அந்தத் தாய்மாரில் ஒருவர் நம்மிடம் கூறிச் சிரித்தார். தெய்யம் என்றால் பேய்.

இவ்வளவும் சொன்னபின் குறைகளையும் சொல்லாமல் விடலாகாது. ஜகன்மோகினியின் வெற்றிக்குப் பின் 'கந்தர்வ கன்யா' (1979), 'மதன மஞ்சரி' (1980), 'மோகினி சபதம்' (1986) என்று அதே அச்சில் படங்கள் தொடர்ந்தன. கதை மெலிந்தது, நடனக்காரிகளின் ஆடையும் மெலிந்தது. குழந்தைகளோடு சென்றவர்கள் நெளிய வேண்டிய காட்சிகள் பெருகின. மூடநம்பிக்கையை வளர்க்கிறார் என்று அறிஞர்கள் கண்டித்தனர். அந்தக் கண்டனம் முற்றும் தவறு என்று நாம் வாதிட மாட்டோம். பேய் ஓட்டுவதாகச் சொல்லிப் பெண்களை அடித்துத் துன்புறுத்தும் கொடுமை இந்நாட்டில் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. எனினும், விட்டலாச்சார்யாவின் படம் பார்த்துப் பேயை நம்பியவர் அதிகமா, பேயைக் கண்டு சிரிக்கப் பழகியவர் அதிகமா என்று கேட்டால், சிரித்தவர் பக்கமே நாம் கைதூக்குவோம். கால் எரிய எரியச் சாம்பாருக்கு உப்புப் பார்க்கும் பேயிடம் எவ்வளவு நேரந்தான் அஞ்ச முடியும்?

மற்றொரு குறை அவருடையதன்று, உலகத்தினுடையது. அவரால் வாழ்ந்த தச்சர்கள், வண்ணம் பூசுவோர், சண்டைக்காரர்கள், கூட்டத்தில் நிற்கும் துணைநடிகர்கள் எண்ணற்றோர். ஆயினும் பெரிய இயக்குநர்களின் வரிசையில் அவர் பெயரைச் சேர்க்கத் திறனாய்வாளர்கள் பல்லாண்டு தயங்கினர். மலிவுச் சரக்கு என்ற ஒரு சொல்லால் ஒதுக்கினர். வாளேந்திய காந்தாராவ், தாமே படம் எடுக்க முற்பட்டுப் பொருளிழந்து, 2009இல் ஹைதராபாத்தில் காலமானார். அவர் எடுத்த படங்களையும் விட்டலாச்சார்யா எடுத்த படங்களையும் ஒப்பிடுவது நமது நோக்கமன்று. மாவு அரைக்கும் கணக்கு எளிதன்று என்பதை மட்டும் குறிக்கிறோம்.

எண்பதுகளில் தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்தது. தெலுங்குப் படத்தொழில் சிறிது சிறிதாகச் சென்னையை விட்டு ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்தது. விட்டலாச்சார்யா சென்னையிலேயே தங்கிவிட்டார். உத்யாவரம், அரசிக்கெரை, ஹாசன், மைசூர், சென்னை என்று ஐந்து ஊர்களில் வாழ்ந்துவிட்ட அவருக்கு ஆறாவது ஊர் தேவைப்படவில்லை போலும். 1995இல் 'அம்மோரு' என்ற தெலுங்குப் படத்தில் கணிப்பொறியின் துணையால் அம்மன் தோன்றியபோது, கறுப்பு அட்டையால் வில்லையை மறைக்கும் காலம் முடிவுக்கு வந்தது. 1999ஆம் ஆண்டு மே மாதம், எழுபத்தொன்பதாம் வயதில், விட்டலாச்சார்யா மறைந்தார்.

பத்தாண்டுகளுக்குப் பின், 2009இல், ஜகன்மோகினி தமிழில் மீண்டும் புதிதாக எடுக்கப்பட்டது. நமீதா மோகினியாக நடித்தார். கணிப்பொறி வேலைகள் ஏராளமாக இருந்தன. ஆறு ஆண்டுகள் கழித்து, நமது நகரின் புறத்தே உள்ள ராமோஜி திரைப்பட நகரில் பெரும் பகுதி உருவான 'பாகுபலி' வெளிவந்து, ராஜாராணிக் கதைக்கு உலகெங்கும் சந்தை உண்டு என்று காட்டியது. அந்தப் படத்தைப் பார்த்துத் திரும்பிய பெரியவர் ஒருவர், நமது காலனியின் வாயிலில் நின்று, வாள்வீச்சைக் கையால் அபிநயித்துக் காட்டிக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற சிறுவர்கள் அது பாகுபலியின் வீச்சு என்றனர். இல்லை, காந்தாராவின் வீச்சு என்று அவர் சாதித்தார். பிறகு அச்சிறுவர்களை உட்காரவைத்து, அடுப்பில் கால் வைத்துச் சமைத்தவளின் கதையைச் சொல்லத் தொடங்கினார். நாம் கடைக்குப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போதும் அந்தக் கதை முடிந்திருக்கவில்லை.